மாயா பெண்களின் படிப்பு: ஊர் மாறியதா, வீடு மாறியதா?

2024 பிப்ரவரி 4, வாசகர் ஒருவரின் கேள்வி

"ஒரு பெண்ணைப் படிக்கவைத்தால் குடும்பமும் ஊரும் உயரும்" என்ற வாசகத்தை, மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் பூர்வகுடி மாயா இனப் பெண்களைப் பற்றிய நன்கொடை அறிக்கைகளில் திரும்பத் திரும்பக் காண்கிறேன். உள்நாட்டுப் போர் முடிந்து 27 ஆண்டுகள் ஆகிவிட்டன. இத்தனை உதவித்தொகைக்குப் பிறகும் மலைக்கிராமங்களில் வறுமை தீரவில்லை. குழந்தைகளின் வளர்ச்சிக்குறைவும் தீரவில்லை. பெண்கல்வியின் சமூக விளைவு என்பது வெறும் அறிக்கைப் பேச்சுதானா? அங்கே இருந்தவர்கள் சொல்லலாம்.

பிப்ரவரி 5

2013 முதல் 2015 வரை அதித்லான் ஏரிக்கரையிலுள்ள பனஹாச்செல் ஊரில், மாயா மாணவிகளுக்கு உதவித்தொகை வழங்கிய சிறிய அமைப்பொன்றில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியை அல்லேன், ஆய்வாளரும் அல்லேன். ரசீதுகளைப் பார்த்தவள் என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு. அந்தத் தகுதியில் சொல்கிறேன்: உங்கள் கேள்வி பாதி சரி. பணத்தை வைத்து அளந்தால் மாற்றம் சிறிதுதான். நான் கண்ட மாற்றம், வீட்டில் யாருடைய பேச்சு எடுபடுகிறது என்பதில் தொடங்கியது.

அங்கே பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கும். அந்த மாதம் முழுவதும் பெற்றோர் ஒப்பமிட வருவார்கள். பனஹாச்செல் இருக்கும் சொலோலா வட்டாரத்தில் கக்சிகேல், கிச்சே, சுதுகில் என்று மூன்று மாயா மொழிகள் புழங்குகின்றன. நாடு முழுவதற்கும் எண்ணினால் 21. எனக்கு வாய்த்ததோ தட்டுத்தடுமாறும் ஸ்பானிஷ். ஒருநாள் மலைச்சரிவிலிருந்து வந்த தாய் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கக்சிகேலில் இரண்டு நிமிடம் பேசினார். நடுவில் நின்ற 13 வயது மகள் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "சரி என்கிறார், சேன்யோ" என்றாள். (அங்கே ஆசிரியைகளைச் 'சேன்யோ' என்று அழைப்பார்கள், கணக்குப்பிள்ளைக்கும் அந்த மரியாதை கிடைத்தது.) தாய் பெருவிரல் ரேகை வைத்தார். இரண்டு நிமிடப் பேச்சு எப்படி ஒரு 'சரி' ஆயிற்று என்ற ஐயம் எனக்கு அப்போதே இருந்தது. ஆனாலும் ஏட்டில் 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டேன்.

இதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். காப்பித் தோட்டத்துக்கும் படைக்கும் சந்தைக்கும் போன ஆண்கள் போகிற போக்கில் ஸ்பானிஷ் கற்றார்கள். வீட்டையும் தறியையும் விட்டு நகராத பெண்கள் பலர் தாய்மொழியோடு நின்றார்கள். மருத்துவமனை, நீதிமன்றம், நிலப் பத்திரம், நகராட்சி என எல்லாம் நடப்பது ஸ்பானிஷில். ஆகவே வீட்டின் வாய் கணவனாக இருந்தான், அவன் இல்லாதபோது ஊரிலுள்ள லடினோ (ஸ்பானிஷ் பேசும், பூர்வகுடியல்லாத) கடைக்காரர் இருந்தார். மகள் ஆறாம் வகுப்பைத் தாண்டியதும் அந்த வாய் அவளுக்கு வந்துசேர்கிறது.

பிப்ரவரி 6

நேற்று 21 மொழிகள் என்று எழுதியது பழைய கணக்கு. 2003இல் சல்சித்தெக்கோ மொழிக்குத் தனி அங்கீகாரம் கிடைத்தபின் 22. மாயா குடும்பத்தைச் சேராத சிங்கா, கரிபுனா இரண்டும் இதற்கு வெளியே. அதே 2003இல் வந்த தேசிய மொழிகள் சட்டம், பொதுச் சேவைகளை அந்தந்த மொழியில் வழங்க வேண்டும் என்கிறது. நான் போன சுகாதார நிலையங்களில் சுவரொட்டி கக்சிகேலில் இருந்தது; செவிலியர் ஸ்பானிஷில் பேசினார்.

பிப்ரவரி 9

"27 ஆண்டுகள்" என்று கேள்வியில் உள்ள கணக்கைப் பற்றி. தொடக்கக் கோட்டைப் போர் முடிந்த 1996இல் போட்டுவிட்டால் பாதிக் கதை கண்ணில் படாது.

1945ஆம் ஆண்டு அரசியலமைப்பு குவாத்தமாலாப் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கே அது கிடைத்தது. எழுத்தறியாத ஆணுக்கு வாக்கு இருந்தது. எழுத்தறியாத பெண்ணுக்கு 1965 வரை இல்லை. எழுத்தறியாத பெண்கள் என்றால் அன்றைய நிலையில் பெரும்பாலும் மாயா பெண்கள்தாம். பள்ளிக்கூடமே இல்லாத கிராமத்துக்காரியிடம் பள்ளிச் சான்றைக் கேட்டு இருபது ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைத்தார்கள். ஆகவே அந்த ஊரில் ஒரு பாட்டி தன் பேத்தியின் பள்ளிப் பையைத் தொட்டுப் பார்ப்பதற்கும், நாம் நம் பிள்ளையின் பையைத் தொட்டுப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு.

பள்ளி வந்த இடங்களிலும் அது நெடுங்காலம் ஸ்பானிஷ்மயமாக்கும் பள்ளியாகவே இருந்தது. கிச்சே, கக்சிகேல், மாம், கெக்சி என நான்கு பெரிய மொழிகளில் இருமொழிக் கல்வித் திட்டம் அரசு அளவில் நிலைபெற்றது 1984இல். அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1960இல் தொடங்கிய போரின் மிகக் கொடிய ஆண்டுகள் அப்போதுதான் கடந்திருந்தன. போர்க்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையம் 1999இல் தந்த அறிக்கையின்படி, கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் 2,00,000க்கு மேல். அடையாளம் காணப்பட்டோரில் 83 சதவீதம் மாயா மக்கள். கைம்பெண்களும் தந்தையற்ற பிள்ளைகளும் நிரம்பிய மலைநாட்டில்தான் இன்று நாம் பேசும் பெண்கல்வி தொடங்குகிறது.

அந்தக் கைம்பெண்களே முதலில் அமைப்பானார்கள் என்பதை அறிக்கைகள் எழுதுவதில்லை. 1988இல் உருவான கோனாவிகுவா என்ற கைம்பெண்கள் அமைப்பை வழிநடத்திய கக்சிகேல் பெண் ரோசலினா துயுக், தந்தையையும் கணவரையும் போரில் இழந்தவர். 1995 தேர்தலில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். எழுத்து கற்பது அவ்வமைப்பின் பெண்களுக்குக் காணாமற்போன கணவனின் பெயரை மனுவில் தாமே எழுதுவதற்கான வழியாக இருந்தது.

பிப்ரவரி 10

வளர்ச்சிக்குறைவு பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நழுவுவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். சொல்கிறேன். 2014-15 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். மாயா குழந்தைகளிடம் இது இன்னும் கூடுதல். தாயின் படிப்பு ஏற ஏற இந்த விகிதம் செங்குத்தாக இறங்குவதும் உண்மை. ஆனால் படித்த தாய்மார்கள் பெரும்பாலும் நகரத்தில், குழாய்நீர் வரும் வீட்டில், சற்று வசதியோடு இருப்பவர்கள். இறக்கத்தில் படிப்பின் பங்கு எவ்வளவு, குழாயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத எந்த அறிக்கையையும் கணக்கெழுதியவள் என்ற முறையில் நான் நம்பமாட்டேன். சத்துணவைப் பற்றி ஏட்டில் படித்த பெண்ணுக்கும் முட்டை வாங்கக் காசு வேண்டும்.

பிப்ரவரி 15

என் சொந்தத் தவறு ஒன்று.

எங்கள் பேரேட்டில் கடைசிப் பத்தி 'முடிவு'. அதில் மூன்று சொற்களே அனுமதி: 'தொடர்கிறார்', 'முடித்தார்', 'தோல்வி'. திருமணமானால் உதவித்தொகை நிற்கும், 'தோல்வி' என்று எழுத வேண்டும். விதியை வகுத்தவர்கள் கடல்கடந்த அலுவலகமொன்றில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் பெற்றோர் இசைந்தால் பெண்ணுக்கு 14 வயதிலேயே சட்டப்படி திருமணம் நடக்கலாம். 2015இல் அது 18 ஆக உயர்ந்தது. நீதிபதி அனுமதித்தால் 16 என்ற விலக்கும் 2017இல் நீங்கியது. ஆனால் ஊரில் நடப்பது பல நேரம் பதிவில்லாத சேர்ந்துவாழ்தல். பெண் பையனின் வீட்டுக்குப் போய்விடுவாள். தாளில் எதுவும் இருக்காது, எனவே சட்டத்தின் கண்ணில் எதுவும் நடக்கவில்லை.

ஒரு சுதுகில் மாணவி இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில் அப்படிப் போனாள். 'தோல்வி' என்று எழுதினேன். வேலையை விட்ட சில ஆண்டுகளுக்குப் பின் விடுமுறையில் திரும்பப் போனபோது, ஏரிக்கரையூர் ஒன்றின் சுகாதார நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, எதிரே மூன்று பெண்கள், கையில் அவர்களுடைய தடுப்பூசி அட்டைகள். ஒரு அட்டையில் தேதி தவறாக இருக்கிறது, அந்தப் பெண்ணை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக்கூடாது என்று செவிலியரிடம் நல்ல ஸ்பானிஷில் வாதாடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அங்கே நியமிக்கவில்லை. வாரம் ஒருநாள் வருவதாகச் சொன்னாள்.

அந்தப் பேரேடு இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. இருந்தால் அந்த ஒரு வரியையாவது அடித்துத் திருத்துவேன்.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதை மீண்டும் படித்தேன். சற்று இனிப்பு கூடிவிட்டது. அந்த மாணவி இன்னும் ஓராண்டு படித்திருந்தால் இடைநிலைச் சான்றிதழ் கையில் இருந்திருக்கும். அதே சுகாதார நிலையத்தில் சம்பளத்தோடு நிற்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். சம்பளமில்லாத உழைப்பை 'சமூக விளைவு' என்று நான் பெயர்சூட்டிப் பாராட்டுவது, 'தோல்வி' என்று எழுதியதைவிட எவ்வளவு மேல் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22

மாயா உரிமைப் போராளி ரிகோபெர்த்தா மென்சூ பள்ளிக்கே போகாமல் நோபல் பரிசு பெற்றார், ஆகவே பள்ளி அவசியமில்லை என்ற வாதம் வந்திருக்கிறது. இரண்டு திருத்தங்கள்.

மென்சூ, கிச்சே மாகாணத்தின் உஸ்பந்தான் பகுதியில் 1959இல் பிறந்தவர். 1980 ஜனவரி 31 அன்று ஸ்பெயின் தூதரகம் எரிந்தபோது தந்தையை இழந்தவர். 1992இல் அமைதிக்கான நோபல் பெற்றவர். 1983இல் நூலாக வந்த வாக்குமூலத்தில் தாம் பள்ளிக்குப் போனதில்லை என்று சொல்லியிருந்தார். 1990களின் இறுதியில் அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் ஸ்டோல், மென்சூ கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்ததைக் காட்டினார். தாம் அங்கே வேலைக்காரியாக இருந்துகொண்டே கற்றதாகவும், அந்தக் கன்னியாஸ்திரிகளுக்கு ஆபத்து வரக்கூடாது என்று மறைத்ததாகவும் மென்சூ விளக்கினார். அதைப் பொய் என்று சிலர் தூக்கிப்பிடித்தார்கள். எனக்கு அதில் உறைத்தது வேறு: மாயா பெண் ஒருத்தி பள்ளி வாசலை மிதித்ததையே மறைத்துவைக்க வேண்டியிருந்த காலம் அது.

இரண்டாவது: அவர் உலகத்தோடு பேசியது ஸ்பானிஷில். எங்கே கற்றாலும், எப்படிக் கற்றாலும், கற்றார்.

மார்ச் 2

மேலே எழுதியதற்கு எதிராக நானே ஒரு வழக்கை வைக்கிறேன், ஏனெனில் அது என் கட்சியைக் குலைக்கிறது.

இசபால் மாகாணத்தில் செப்பூர் சார்க்கோ என்ற இடத்தில் 1980களில் படைமுகாம் ஒன்று இருந்தது. அவ்வட்டாரக் கெக்சி ஆண்கள் தங்கள் நிலத்துக்குப் பட்டா கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களைப் படை கொண்டுபோய்க் காணாமற் செய்தது. மனைவியரை முகாமுக்கு முறைவைத்து வரவழைத்து, சமைக்கவும் துவைக்கவும் வைத்ததோடு பாலியல் அடிமைகளாகவும் வைத்திருந்தது. அவர்களில் 15 பெண்கள், பாட்டிகளான பிறகு, 2011இல் வழக்குத் தொடுத்தார்கள். சால்வையால் முகத்தை மூடியபடி நீதிமன்றத்தில் அமர்ந்தார்கள். கெக்சியில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிஷில் சொன்னார். 2016 பிப்ரவரி 26 அன்று இரண்டு குற்றவாளிகளுக்கு 120, 240 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. போர்க்காலப் பாலியல் அடிமைத்தனத்தை அது நடந்த நாட்டின் நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்த முதல் வழக்கு அது.

பள்ளி பார்க்காத பெண்கள் சாதித்தது இது. ஆகவே "படித்தால்தான் பேச முடியும்" என்று பிப்ரவரி 5 குறிப்பில் நான் குறிப்பாலுணர்த்தியது குறையுள்ளது. அவர்கள் பேசினார்கள், கேட்கும் காது ஒன்று நீதிமன்றத்தில் இருக்க வேண்டியிருந்தது. அந்தக் காதை உண்டாக்கியதில் படித்த பெண்களுக்குப் பங்குண்டு. வழக்கில் நிபுணர் சாட்சியாக வந்தவர்களில் ஒருவர் கிச்சே மானிடவியலாளர் இர்மா அலீசியா வெலாஸ்கேஸ் நிமாதூஹ். 2002இல், மரபுடை அணிந்திருந்ததற்காகத் தலைநகரின் உணவு விடுதியொன்றில் இவரை உள்ளே விடவில்லை. வேறொருவராக இருந்தால் வீட்டுக்குப் போய் அழுதிருப்பார். இவர் அதைப் பொதுப்பிரச்சினையாக்கினார். அதே ஆண்டில் குவாத்தமாலாவின் தண்டனைச் சட்டத்தில் பாகுபாடு ஒரு குற்றமாகச் சேர்ந்தது.

பாட்டிகள் இழப்பீடாகக் கேட்டவற்றில் பள்ளிகளைச் சீர்செய்வதும், பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் இருந்தன.

மார்ச் 3

"மரபுடைக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டவருக்கு: மேலாடையான வீபில் ஒன்றை இடுப்புத்தறியில் நெய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும், எந்த ஊர்க்காரி என்பதை அதன் பூவேலை சொல்லும். பள்ளிச்சீருடை என்ற பெயரில் அதைக் கழற்றச் சொன்ன பள்ளிகள் இருந்தன. போரை முடிக்க அரசும் கெரில்லாக்களும் 1995இல் செய்த பூர்வகுடி உரிமை உடன்பாட்டில் உடைக்கென்று தனிப்பகுதி எழுத வேண்டி வந்தது அதனால்தான். நானும் ஒருமுறை அந்தத் தறியில் உட்கார்ந்து பார்த்தேன். அரைமணி நேரத்தில் நான் நெய்த நான்கு விரற்கடைத் துணியை மாணவிகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி வாங்கிச் சிரித்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி அதைப் பிரித்து நூலை மட்டும் மீட்டெடுத்தாள்.

மார்ச் 11

விலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

எங்கள் உதவித்தொகையில் படித்து ஆசிரியையான ஒருத்தி, தன் மகனோடு ஸ்பானிஷில் மட்டும் பேசுகிறாள். ஏன் என்று கேட்டேன். முதல் வகுப்பில் கக்சிகேல் பேசியதற்காகத் தன்னைச் சுவரோரம் நிறுத்திய ஆசிரியரை அவள் மறக்கவில்லை. மகன் அந்தச் சுவரைப் பார்க்கக்கூடாது என்றாள். நியாயம்தான். ஆனால் அவளுடைய தாய்க்கு ஸ்பானிஷ் எண்ணும் அளவுக்கே தெரியும். பாட்டியும் பேரனும் ஒரே முற்றத்தில் இருந்துகொண்டு, "சாப்பிடு", "வா", "குளிர்கிறதா" என்பதைத் தாண்டிப் பேச முடியாமல் இருக்கிறார்கள். நடுவில் மொழிபெயர்ப்பவள் இப்போதும் அதே பெண்தான்.

இதைச் சொன்னால் "அப்படியானால் படிக்க வைக்காதீர்கள் என்கிறீர்களா" என்று கேட்பார்கள். இல்லை. மாயா மொழியில் எழுதவும் கற்பிக்கும் பள்ளி வேண்டும் என்கிறேன். 1987இல் ஒருங்கிணைந்த எழுத்துமுறை வந்துவிட்டது, 1990இல் மாயா மொழிகள் கழகத்துக்குச் சட்டம் வந்துவிட்டது, கருவி இருக்கிறது. முதல் மூன்று வகுப்புகளோடு நின்றுவிடும் இருமொழிக் கல்வி, தாய்மொழியை ஸ்பானிஷுக்கு ஏறும் ஏணியாக மட்டும் பயன்படுத்தி, ஏறியபின் எடுத்துவிடுகிறது.

மார்ச் 20

வேலை பற்றிச் சுருக்கமாக. ஏழை மாயா பெண்ணுக்குக் கைக்கெட்டிய தொழிற்படிப்பு நெடுங்காலம் ஆசிரியர் பயிற்சிதான். பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டத்திலேயே அது முடிந்துவிடும். 2013 முதல் அரசு அதை மாற்றி, தொடக்கப்பள்ளி ஆசிரியராவதற்குப் பல்கலைக்கழகப் பயிற்சியைச் சேர்த்தது. தரம் உயர வேண்டும் என்ற நோக்கம் சரி. அதற்கு முந்தைய ஆண்டே மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எங்கள் பேரேட்டில் அதன் பொருள் எளிது: ஒரு மாணவிக்கு மூன்று ஆண்டுப் பல்கலைக்கழகச் செலவு, மலையிலிருந்து நகரத்துக்குப் பேருந்துக் கட்டணம், தங்க இடம். கிராமத்திலிருந்து தினமும் நடந்துபோய்த் திரும்பும் தூரத்தில் பள்ளி இருந்தவரை சம்மதித்த தந்தையர், நகரத்தில் அறை எடுக்க வேண்டும் என்றதும் பின்வாங்கினார்கள். தாயர் பின்வாங்கியதும் உண்டு. அடுப்புக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஆள் வேண்டும்; சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்து வர விடியலில் ஒருத்தி எழ வேண்டும். அந்த ஒருத்தி எப்போதும் மூத்த மகள்தான்.

ஏப்ரல் 7

பிப்ரவரி 5இல் நான் எழுதிய 13 வயதுச் சிறுமி இப்போது தன் ஊர் நகராட்சியின் மகளிர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு எழுதி, அன்று அவள் தாய் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டேன். பதில் குரல்பதிவாக வந்தது. முதலில் அரை நிமிடம் சிரிப்பு.

தாய் கேட்டவை: பள்ளியில் இவளுடைய கோர்த்தே பாவாடையை அணியவிடுவார்களா, இல்லை சீருடைக்கு வேறு பணம் வேண்டுமா? காப்பி பறிக்கப் போகும்போது இவளை அனுப்புவீர்களா? மாலையில் இருட்டியபின் பேருந்து நிறுத்தத்திலிருந்து யார் கூட்டிவருவார்? மேலும், இந்த அம்மாளுக்கு நம் மொழி தெரியாது, இவர் எப்படி நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்?

இவற்றை மொழிபெயர்த்திருந்தால் நான் படிவத்தைத் திருப்பித் தந்திருப்பேன் என்று அவள் பயந்திருக்கிறாள். பயம் சரியானதே, 'பெற்றோர் தயக்கம்' என்றொரு கட்டம் படிவத்தில் இருந்தது, அதில் குறியிட்டால் விண்ணப்பம் கீழே போய்விடும். நான்கும் நல்ல கேள்விகள். ஒன்றுக்குக்கூட எங்கள் அமைப்பிடம் அன்று பதில் இருந்திருக்காது. இப்போது அவள் அலுவலகத்துக்கு வரும் தாய்மாரிடம் முதலில் இருட்டில் யார் கூட்டிவருவார் என்பதைத்தான் கேட்கிறாளாம், கக்சிகேலில்.

குரல்பதிவோடு, தன் ஊர் நெசவுக்குழுவின் செலவுக்கணக்கையும் அனுப்பி, கூட்டலைச் சரிபார்க்கச் சொன்னாள். 45 கெத்சால் (அந்நாட்டுப் பணம்) குறைவதாகக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினேன். பேருந்துக் கட்டணத்தை நான் இரண்டு முறை கூட்டியிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பார்த்தேன், அவள் சொல்வதுதான் சரி.